அதேதான், மச்சான்

அத்தியாயம் 17

பாண் நானூற்றுப் பத்து கிராம் இருந்தது.

யசோதா சின்ன டிஜிட்டல் தராசைத் துடைத்து, கண்ணாடி அலுமாரியின் மேல் சமமாக வைத்து, மறுபடியும் நிறுத்தாள். நானூற்றுப் பத்துதான். போன மாதம் இதே பேக்கரியில் இதே பாண் நானூற்று நாற்பது. விலை மட்டும் ஒரு சதம்கூட அசையவில்லை.

"என்னா மிஸ், திங்கிறவன் சும்மா திங்கிறான். நீங்கதான் தராசோட வர்றீங்க," என்றார் பேக்கரிக்காரர்.

"திங்கிறவங்க நிறுத்துப் பாக்க மாட்டாங்கன்னுதானே எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காமல் படிவத்தில் எழுதினாள்: 'விலை மாற்றமில்லை. நிறை குறைவு.' அவள் வேலை செய்யும் புள்ளிவிபரக் கந்தோரின் கணக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விலை ஏறியிருக்கிறது.

கட்டுக்கலையிலிருந்து நகரத்துக்குள் நடக்கும்போது கைப்பையில் தராசு கனத்தது. அதன் பக்கத்தில் அப்பாவின் இரண்டு சின்னக் காப்புறுதிப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று பழையது, ஓரம் மடங்கியது. மற்றது புதியது. இரண்டின் அட்டையும் ஒரே பச்சை. இரண்டிலும் ஒரே குடை, ஒரே குடும்பம், ஒரே சிரிப்பு.

போன வியாழக்கிழமைதான் அவள் அந்த இரண்டையும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தனியார் ஆஸ்பத்திரியின் கட்டண மேசையில், அப்பா திருச்செல்வம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருக்க, மேசைக்குப் பின்னாலிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். "இருதய ஒப்பரேஷனுக்கு உங்க காப்புறுதி ரெண்டு லட்சம்தான் தரும் மிஸ். மிச்சத்த நீங்க கட்டணும்."

பன்னிரண்டு லட்சம் என்று அட்டையில் போட்டிருந்தது. பன்னிரண்டு லட்சத்துக்குத்தான் பதினொரு வருடமாக அப்பா பணம் கட்டினார். புதிய புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது.

அந்தப் புதிய புத்தகத்தை ஏற்றுக்கொள்வதாக அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவன் ஜனார்த்தனன். அப்பாவின் ஒரே தங்கச்சி மகன். போன வருடம் பங்குனியில் வீட்டுக்கு வந்து, முறுக்குச் சாப்பிட்டு, பேனாவைத் திறந்து கொடுத்து, கையெழுத்து இடத்தில் விரலை வைத்து, "அதேதான் மாமா, போடுங்க," என்றான்.

அப்பா போட்டார்.

இருபத்தெட்டாம் திகதி ஒப்பரேஷனுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காப்புறுதிக்காரரின் உறுதிக் கடிதம் வராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இன்று புதன்.

*

மலைநிழல் காப்புறுதியின் கண்டிக் கிளை யட்டிநுவர வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே யசோதா படிவத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் மாமன் மகளாக வரவில்லை. கந்தோர் வேலையாக வந்திருக்கிறாள்.

பாணுக்கும் பருப்புக்கும் விலை எழுதுவதுபோல காப்புறுதிக்கும் மாதாமாதம் விலை எழுத வேண்டும். அதற்கென்று படிவத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். அந்தப் படிவக் குடும்பத்துத் தகப்பனுக்கு எப்போதும் வயது நாற்பத்தைந்து. அவருக்கு நரைப்பதில்லை, நெஞ்சு வலிப்பதில்லை. அவர் இன்று காப்புறுதி எடுத்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கிளையில் கேட்க வேண்டும். கட்டும் பணம் மாறாவிட்டாலும், கிடைக்கும் பாதுகாப்பு அதேதானா என்று புத்தகத்தை வாங்கிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியைத்தான் யசோதா மற்ற எல்லாக் கிளைகளிலும் கடைப்பிடித்தாள். இங்கே மட்டும் கடைப்பிடிக்கவில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, பரிசம் போட்டு நாளும் குறித்த பிறகு, நான்கு நிமிடத் தொலைபேசி அழைப்பில் கல்யாணத்தை நிறுத்தியவன் இந்த ஜனார்த்தனன். கொழும்பில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். தங்கச்சியின் முகத்துக்காக அப்பா மன்னித்தார். மன்னித்ததைக் காட்டவே காப்புறுதியையும் தொடர்ந்து அவனிடமே கட்டினார்.

யசோதா மன்னிக்கவில்லை. ஆனால் தனக்கு வலிக்கவில்லை என்று காட்ட விரும்பினாள். அதனால் மாதாமாதம் இந்தப் படி ஏறி, அவன் தந்த தேநீரைக் குடித்து, "என்ன மச்சான், ஏதும் மாறியிருக்கா?" என்று அலட்சியமாகக் கேட்பாள். அவன் "அதேதான் யசோ" என்பான். அவள் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு எழும்புவாள். புத்தகத்தைக் கேட்டு அவன் முன்னால் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார அவளுடைய மானம் இடம் கொடுக்கவில்லை.

அப்படிப் பதினான்கு மாதம். பதினான்கு கையெழுத்து.

"வா யசோ," என்று வாசலுக்கே வந்தான் ஜனார்த்தனன். கழுத்துப்பட்டியைத் தளர்த்தியிருந்தான். "ஒக்காரு. மாமா எப்புடி இருக்காரு?"

"படி ஏற முடியல. பேசினா மூச்சு வாங்குது."

"நா நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல தெரியுமா."

"நல்லாத்தான் இருக்கீங்க, பாத்தா தெரியுது."

அவன் அதைக் கேட்காதவன் போலத் தேநீரை அவள் பக்கம் தள்ளினான். "சீனி போடல."

அவள் சீனி போடாமல் குடிப்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு காலத்தில் இப்படியொரு நினைவுக்காக அவள் உருகியிருப்பாள். இப்போது அவளுக்குத் தோன்றியது வேறு. சீனியை ஞாபகம் வைத்திருக்கிறவனுக்கு, பத்தொன்பதாம் பக்கத்தை மாமாவிடம் சொல்ல மட்டும் ஞாபகம் வரவில்லையா?

"பாரு யசோ, அந்த வரிய நா போடல. ஹெட் ஒபிஸ் போட்டது. எனக்கும் அப்ப டார்கெட் இருந்துச்சு. வருஷ முடிவுக்குள்ள எல்லாப் பழைய ஆளையும் புதுப்பிக்கணும்னு கழுத்துல கத்தி. ஒவ்வொருத்தருக்கும் ஒக்காந்து வெளக்கினா யாரு கையெழுத்துப் போடுவா?"

"அப்ப எல்லாருக்கும் அதேதான்னுதான் சொன்னீங்க."

"ஊரே அப்புடித்தான் ஓடுது."

"எங்க அப்பா ஊர் இல்ல மச்சான். உங்க மாமா."

அவன் மேசை லாச்சியைத் திறந்து ஒரு நீண்ட வெள்ளை உறையை எடுத்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதுக்குத்தான் இது. மாமாவுக்காக விசேஷ அனுமதி வாங்கியிருக்கேன். ஹெட் ஒபிஸ்ல எத்தன பேரு கால்ல விழுந்தேன்னு எனக்குத்தான் தெரியும். மாமா இதுல ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போயிரும்."

யசோதா உறையைப் பார்த்தாள். அப்பா மறுபடி படி ஏறுவார்.

"இதுக்குப் பதிலா நா என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும் செய்றதச் செய்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒன் படிவத்துல மாறியிருக்குன்னு எழுதினா ஒங்க ஆளுங்க ஹெட் ஒபிஸுக்குக் கடிதம் போட்டுக் கேப்பாங்க. எப்ப மாறிச்சு, கண்டிக் கிளை ஏன் பதினாலு மாசமா மாறலன்னு சொல்லிச்சுன்னு. அவங்க என்னயக் கேப்பாங்க. அம்பது அறுவது பேருகிட்ட அதேதான்னு கையெழுத்து வாங்கினது வெளிய வந்துரும். நா முடிஞ்சேன். ஒனக்கும் நல்லதில்ல யசோ. அந்தப் பதினாலு படிவத்துலயும் இருக்கிறது ஒன் கையெழுத்து."

பயமுறுத்துகிறானா, கெஞ்சுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். இரண்டும்தான்.

"சரி," என்றாள் யசோதா. "அப்ப இந்த மாசமும் அதேதான்?"

"அதேதான்."

"சரி மச்சான். இந்த மாசத்துலேருந்து தகவல் குடுக்குறவங்ககிட்ட கட்டாயம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்காங்க."

அது முழுப் பொய்யில்லை. படிவத்தின் அடியில் அந்த இடம் எப்போதும் இருந்தது. வீட்டு ஆள் என்று அவள்தான் இத்தனை மாதம் கேட்கவில்லை. அந்தப் படிவத்தை அவள் நேற்றிரவே நிரப்பிவிட்டாள். 'கட்டும் தொகை மாற்றமில்லை. சென்ற வருடம் மாசி முதல் இருதய சிகிச்சைக்கான பாதுகாப்பு பன்னிரண்டு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாகக் குறைக்கப்பட்டுள்ளது. இதுவரை தரப்பட்ட தகவல்கள் தவறு.' எல்லாம் தெளிவான எழுத்தில்.

அவனுடைய தொலைபேசி அடித்தது. யாரோ மேலதிகாரி. "எஸ் சேர், மந்த் எண்ட்ல பண்ணிரலாம் சேர்," என்று எழுந்து நின்று பேசினான்.

யசோதா படிவத்தை அவன் பக்கம் திருப்பினாள். பேனாவைத் திறந்தாள். கையெழுத்து இடத்தில் விரலை வைத்தாள். அப்பாவிடம் அவன் எப்படி விரல் வைத்தானோ அதே மாதிரி.

ஜனார்த்தனன் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்தான். கண் ஒரு தடவை படிவத்தின் மேற்பகுதிக்குப் போகப் பார்த்தது.

"அதேதான், மச்சான்," என்றாள் யசோதா. "போடுங்க."

அவன் போட்டான். பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தான்.

அவள் தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். இத்தனை மாதத்தில் இந்தக் கிளையில் குடித்த தேநீர்களில் அன்றைய தேநீர் மட்டும்தான் ருசித்தது.

*

கீழே துணிக்கடை வாசலில் தங்கச்சி மதுஷா அப்பாவின் மருந்துப் பையோடு காத்திருந்தாள். பேராதனைக் கம்பஸ்ஸில் இறுதி வருடம். அப்பாவுக்காக இந்த வாரம் விரிவுரைக்குப் போகவில்லை.

"என்னாக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? சண்டயா?"

"இல்லடி. சமாதானம்." யசோதா உறையை நீட்டினாள். "இதுல அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணுமாம். நா பன்னெண்டுக்குள்ள கந்தோருக்குப் போகணும்."

"என்னா இது?"

"விசேஷ அனுமதி."

"ஜனா மச்சானா குடுத்தாரு? மழதான் வரப்போவுது."

உறையின் வாய் ஒட்டப்பட்டிருக்கவில்லை. உள்ளேயிருந்த ஒற்றைத் தாளை எடுத்துப் படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் யசோதா கைப்பையைத் திறந்து, தன் படிவத்தில் காய்ந்துகொண்டிருந்த அவன் கையெழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பெயருக்குக் கீழே இழுத்த கோட்டையும் பார்த்தாள்.

அவள் பார்த்து முடித்தபோது மதுஷா வீதியைக் கடந்திருந்தாள்.

*

கந்தோரில் அவளுடைய மேலதிகாரி மஹ்ரூப் சேர் மூன்று மணிக்குத்தான் வந்து படிவத்தை ஒரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் படித்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று கந்தோரில் எல்லோருக்கும் தெரியும்.

"இருங்கொ யசோதா," என்றார். "கட்டுற சல்லி அதே. பாதுகாப்பு மட்டும் கொறஞ்சீக்கிது. அப்ப இது வெல ஏத்தம்."

"ஆமா சேர். பாண் மாதிரிதான்."

"கிளை மெனேஜரே கையெழுத்து வெச்சீக்கிறாரு. ஆச்சரியம்தான்." அவர் பழைய கோப்பை இழுத்து விரித்தார். தாள் தாளாகப் புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் அதே கையெழுத்து, அதே 'மாற்றமில்லை'. "இது பதினாலும் யாருட எழுத்து?"

"என்னோடது சேர்."

"புத்தகத்தப் பாத்தா எழுதினீங்க?"

"பாக்கல."

"ஏன்?"

யசோதா பதில் சொல்ல வாயெடுத்தாள். பரிசம் போட்ட கதை, நான்கு நிமிட அழைப்பு, சீனி போடாத தேநீர், இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுதுவது? "அது எங்க அத்த மகனோட கிளை சேர். வாய்ச் சொல்ல நம்பிட்டேன்."

மஹ்ரூப் சேர் ஜன்னலைப் பார்த்தார். "வேல நெரந்தரமாக்குற பட்டியல்ல ஒங்கட பேர் நாலாவதா ஈக்கிது. இதக் கொழும்புக்கு அனுப்பினா பதினாலு மாசத்தயும் திருத்தோணும். ஏன் திருத்தினன்னு கேப்பாங்க. ஒங்கட வெளக்கக் கடிதமும் கூடப் போகோணும். வெளங்குதா?"

"எழுதிக் கொண்டாந்திருக்கேன் சேர்."

அவள் தன் கடிதத்தை மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் அவளையே பார்த்தார்.

"கோவத்துல செய்றீங்களா மகள்?"

"கோவத்துலதான் சேர். ஆனா எழுதியிருக்கிறது உண்மை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தில் தன் கையொப்பத்தை வைத்து, தேதி முத்திரையை ஓங்கி இறக்கினார். அந்தச் சத்தம் யசோதாவுக்கு ஜனார்த்தனனின் கதவு அடைபடும் சத்தமாகக் கேட்டது. தன் கதவும் கூடவே அடைபடலாம் என்பது தெரிந்தும் இனித்தது.

"சரி. கந்தோர் விஷயம் முடிஞ்சிது," என்றார் மஹ்ரூப் சேர். "இப்ப ஒங்கட அப்பாட விஷயம். இது நான் கந்தோர் ஆளாச் சொல்ற இல்ல. மாத்தினத வெளக்காமக் கையெழுத்து வாங்கினா, அதுக்கு முறைப்பாடு குடுக்க எடம் ஈக்கிது. என்ட மச்சினனுக்கு அப்பிடித்தான் கெடச்சிது, அதுவும் அவசரம்னு எழுதினதால ரெண்டே நாள்ல. ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கொங்கொ. முறைப்பாடு போடுறதுக்கு முந்தி கம்பனிக்காரன் எந்தத் தாள நீட்டினாலும் அப்பாவக் கையெழுத்து வெக்க விடவேணாம்."

யசோதாவின் கை கைப்பை மேல் நின்றது.

"ஏன் சேர்?"

"இறுதித் தீர்வுன்னு ஒரு தாள் வெச்சீப்பானுகள். அதுல கையெழுத்து வெச்சா முடிஞ்சிது. தந்தது போதும், இனி ஒண்டும் கேக்க மாட்டன்னு அர்த்தம்."

*

மதுஷா தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு யசோதா ஆட்டோவில் ஏறினாள். நகரத்துச் சந்தியில் பள்ளிக்கூட வேன்கள் வழியை அடைத்து நின்றன. நாலரை மணிக்குத்தான் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

உள்ளே அப்பா சாய்வுக் கதிரையில் இருந்தார். முகத்தில் இரண்டு வாரமாகக் காணாத தெளிவு. பக்கத்தில் உரித்த தோடம்பழத் தோல்.

"ஒங்கத்த வடிவு வந்துட்டுப் போறா," என்றார். "நீ அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருந்தா பாத்திருக்கலாம். நீராகாரம் மாதிரி கஞ்சி வச்சிக் கொண்டாந்தா."

"அப்பா, அந்தத் தாள் எங்க?"

"கையெழுத்துப் போட்டு வடிவுகிட்டயே குடுத்துட்டேன். ஜனாதான் அவள அனுப்பியிருக்கான், வாங்கிட்டு வரச் சொல்லி. பய பொறுப்பாத்தான் இருக்கான், நீதான் அவன..."

மதுஷா குசினியிலிருந்து வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். "என்னாக்கா? நா போன சைலண்ட்ல போட்டிருந்தேன், அப்பா தூங்கினாருன்னு."

"நீ அதப் படிச்சியா?"

"இங்கிலிஷ்ல ஒரு பக்கம் இருந்துச்சு. நீதான் விசேஷ அனுமதின்னு சொன்ன. நா ஒரு போட்டோ மட்டும் எடுத்து வச்சேன்." மதுஷாவின் குரல் சுருங்கியது. "அப்பா என்னான்னு கேட்டாரு. நா... அதேதாம்பா, பழைய மாதிரியே தருவாங்கன்னு சொன்னேன்."

யசோதா தொலைபேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்றாவது வரியிலேயே இருந்தது. இரண்டு லட்சம் ரூபாயை முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன். இதன் பின் எந்தக் கோரிக்கையும் முறைப்பாடும் செய்ய மாட்டேன். கீழே அப்பாவின் நடுங்கிய கையெழுத்து.

ஒரே மேசையில், ஒரே தேநீருக்கு மேல், ஒரே நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் வென்றிருந்தார்கள். அவன் படிக்காமல் போட்டான். அவள் படிக்காமல் எடுத்து வந்தாள். கடைக்குக் கடை பாண் நிறுக்கிறவள், அப்பாவின் உயிரை மட்டும் நிறுக்காமல் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"என்னம்மா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. "அதேதானே? பன்னெண்டு லட்சம்தானே?"

பதினான்கு மாதம் அவள் எழுதியிருக்க வேண்டிய பதில் அது. இன்றைக்குத்தான் வாயில் வந்தது.

"இல்லப்பா. அதே இல்ல."

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் தங்கச்சி மகனைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லாத மனிதர், வாசலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "வடிவு போற வத்தேகம பஸ் அஞ்சுக்குத்தான் எடுப்பான்."

யசோதா கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

*

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் சிங்களத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தான். முன்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆசனத்தில் ஜன்னலோரமாக அத்தை வடிவம்மா இருந்தாள். மடியில் பிரம்புக் கூடை. கூடைக்குள் கஞ்சிப் போத்தல். போத்தலுக்குப் பக்கத்தில் நீண்ட வெள்ளை உறையின் நுனி.

"ஏன்டி மருமகளே, என்னா இப்புடி ஓடி வர்ற?" வடிவம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். கல்யாணம் நின்ற பிறகும் அவள் யசோதாவை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஒங்கப்பனுக்கு ஏதும்...?"

"அப்பா நல்லா இருக்காரு அத்த." யசோதா உட்கார்ந்தாள். பஸ் புறப்பட்டது. "அந்த உறைய ஒருக்கா குடுங்களேன்."

வடிவம்மாவின் இரண்டு கைகளும் கூடையின் மேல் வந்து அமர்ந்தன. யோசித்துச் செய்ததல்ல. கை தானாக வந்தது. அப்படி வந்த கையை அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஜனா காலையில சொன்னான்," என்றாள். "யசோதா வந்து கேட்டா குடுத்துராதீங்கம்மான்னு."

"காலையிலயா?"

"நா பஸ் ஏறுறதுக்கு முந்தி. எட்டு மணிக்கு."

எட்டு மணிக்கு. யசோதா கிளைக்குப் போகும் முன்பே. சீனி போடாத தேநீருக்கும் முன்பே.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. வடிவம்மா கம்பியைப் பிடிக்கவில்லை. மாநகர சபையில் முப்பத்தொரு வருடம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். படிக்காமல் ஒரு தாளையும் அடுத்த மேசைக்கு நகர்த்தாதவள் என்று அங்கே பெயர். மகன் தந்த தாளை மட்டும் இன்றைக்குப் படிக்கவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போற தாள்னா," என்றாள் மெதுவாக, "நீ கேட்டா ஏன் குடுக்கக் கூடாது? ஒன் அப்பன் தாளுதானே. அவன் ஏன்டி அப்புடிச் சொன்னான்?"

யசோதாவிடம் சொற்கள் இருந்தன. ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்தவை. ஒன்றையும் அவள் சொல்லவில்லை. படிவத்தில் எழுதியதை வெளியில் யாருக்கும் காட்டக் கூடாது என்பது கந்தோர் சட்டம். ஆனால் பச்சை அட்டைப் புத்தகங்களை யாரும் பார்க்கலாம்.

அவள் கைப்பையைத் திறந்து இரண்டையும் எடுத்து அத்தையின் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையது. புதியது. இரண்டிலும் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள்.

"ரெண்டும் அதேதான்னு உங்க மகன் அப்பாகிட்ட சொன்னாரு அத்த. அதேதானான்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு அந்த உறையப் பிரிச்சிப் படிங்க. அதுக்கப்புறம் யாருகிட்டக் குடுக்கணும்னு உங்களுக்குத் தோணுதோ அவங்ககிட்டக் குடுங்க."

வடிவம்மா மருமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த முகத்துக்குத் தாலி எடுத்து வைத்தவள் அவள்.

யசோதா தனக்குள் இரக்கத்தைத் தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராமல் போனதில் வருத்தமும் வரவில்லை.

கூடைக்குள் கஞ்சிப் போத்தல் மெல்ல உருண்டது. வடிவம்மா அதை நிமிர்த்தி வைத்தாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு பக்கம், மறுபக்கம், மறுபடியும் ஒரு பக்கம்.

பிறகு அதை மாட்டிக்கொண்டு, கோப்பு மேசையில் உட்கார்ந்திருந்த காலத்தில் செய்ததுபோல, பத்தொன்பதாம் பக்கத்தின் ஒவ்வொரு வரியின் கீழும் நகத்தை வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.